வகுப்பில் சொன்ன படி

எங்கள் மாலைநேரச் சட்டக் கல்லூரியில் அவளுக்குப் ‘புதுசு மேடம்’ என்று பெயர். மாணவர்கள் வைத்த பெயர்தான். குடை, பூட்டு, பேனா என்று எதையாவது வகுப்புக்குத் தூக்கிக்கொண்டு போவாள். மேசைமேல் வைத்துவிட்டு, “இதுல என்ன புதுசு?” என்று கேட்பாள். பதில் வரும்வரை விடமாட்டாள். நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டுக் கொட்டாவியோடு வந்து உட்காரும் குமாஸ்தாக்களும் கடைக்காரர்களும் நர்ஸுகளும் அறிவுசார் சொத்துரிமை என்ற அந்தப் பாடத்தை உருப்படியாகக் கற்றுக்கொண்டார்கள் என்றால், அது அந்த ஒரு கேள்வியால்தான்.

நான் குற்றவியல் சட்டம் நடத்துகிறவள். எனக்குத் தெரிந்த திருட்டெல்லாம் கையில் பிடிக்க முடிகிற திருட்டு. செயின் போனது, சைக்கிள் போனது, போலீஸ் வந்தது, அவ்வளவுதான். யோசனை திருட்டுப் போகிறது, பெயர் திருட்டுப் போகிறது என்று அவள் ஆரம்பித்தால் எனக்கு எரிச்சலாக வரும். ஆசிரியர் அறையில் அவள் மேசையும் என் மேசையும் ஒட்டிக் கிடப்பதால் தப்பிக்கவும் வழியில்லை. நான் ஏதாவது பாட்டை முணுமுணுத்தால், “அது யாரோட உரிமைன்னு தெரியுமா?” என்பாள். “உன் பாட்டனோட உரிமை” என்பேன். விழுந்து விழுந்து சிரிப்பாள். சுலபமாகச் சிரிக்கிறவள். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனி நான் சொல்லப்போகிற நாட்களில் அவள் சிரிக்கவே இல்லை.

பாடம் நடத்துவதோடு நிற்கவும் மாட்டாள். வாயால் கெட்டவர்களைப் பற்றி நீண்ட ஆய்வு ஒன்றை எழுதிச் சட்ட இதழில் வெளியிட்டிருந்தாள். ‘வாயால் கெட்டவர்கள்’ என்பது நான் வைத்த தலைப்பு. அவள் வைத்தது, மூச்சு வாங்காமல் படிக்க முடியாத நீளம். விஷயம் இதுதான். புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தவர், காப்புரிமைக்கு விண்ணப்பம் போடும் முன்பே அதை வெளியில் சொல்லிவிட்டால் போச்சு. சொன்ன கணமே அது புதுசு இல்லை என்று ஆகிவிடும். உரிமை கிடையாது, யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். ஊரைக் கூட்டிச் சொல்ல வேண்டும் என்பதில்லை. ரகசியம் காக்கக் கடமைப்படாத ஒரே ஒரு ஆளிடம் சொன்னாலும் அதே கதிதான். சில தேசங்களில் தவறிச் சொன்னவருக்குக் கொஞ்சம் அவகாசம் கொடுத்து மன்னிப்பார்களாம். எங்கள் சட்டத்தில் அந்த இரக்கம் இல்லை.

முடிதிருத்தும் கடையில் பெருமையடித்தவர், ரயிலில் எதிரே உட்கார்ந்தவருக்குப் படம் வரைந்து காட்டியவர், மகளின் பள்ளிக் கண்காட்சியில் கொண்டுபோய் வைத்தவர் என்று தோற்றவர்களின் வழக்குகளை அவள் தேடித் தேடிச் சேர்த்திருந்தாள். டீ குடிக்கும்போது எனக்கு வாசித்துக் காட்டுவாள். “வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்க முடியலையே இந்த மனுஷனால!” என்று தலையில் அடித்துக்கொள்வாள். எனக்கு அந்த மனிதர்கள்மேல் பாவமாக இருக்கும். அவளுக்குக் கோபம்தான் வரும்.

அவளுக்கு ஒரு தம்பி. ஆஸ்பத்திரியில் கட்டில், சக்கர நாற்காலி, டிரிப்ஸ் ஸ்டாண்டு எல்லாம் பழுது பார்க்கிற மெக்கானிக். வயதில் இவளைவிட ரொம்பச் சின்னவன். அக்கா சொன்னால் கிணற்றில்கூடக் குதிப்பான். அவன் ஒரு கருவி செய்திருந்தான். டிரிப்ஸ் ஏறும்போது பாட்டில் காலியானதை யாரும் கவனிக்காவிட்டால் குழாயில் ரத்தம் பின்னோக்கி ஏறுமே, அதைத் தடுக்கிற கருவி. பாட்டிலை ஒரு ஸ்பிரிங் கொக்கியில் மாட்ட வேண்டும். பாட்டிலில் தண்ணீர் குறையக் குறைய எடை குறைந்து கொக்கி மேலே ஏறும். முழுக்க ஏறியதும் ஒரு கை வந்து குழாயை நசுக்கி மூடிவிடும். கரண்டு வேண்டாம், பேட்டரி வேண்டாம்.

இந்த அளவுக்கு முன்பே பலர் செய்து பார்த்திருக்கிறார்கள். ஸ்டாண்டை யாராவது இடித்தால் கொக்கி துள்ளும். பாட்டில் நிறைய மருந்து இருக்கும்போதே குழாய் மூடிக்கொள்ளும். அதனால் யாரும் உபயோகிக்கவில்லை. தம்பி என்ன செய்தான் என்றால், கொக்கி ஏறி இறங்கத் தகட்டில் போடுகிற நீள வெட்டை நேர்கோடாக விடாமல் நடுவில் ஒரு சின்னப் படிபோல் ஒடித்துவிட்டான். மெதுவாக ஏறினால் கொக்கி பக்கவாட்டில் நழுவிப் படியைத் தாண்டிவிடும். துள்ளினால் படியில் முட்டிக் கீழேயே விழும். கதை மொத்தமும் அந்தப் படிதான்.

மருத்துவக் கருவி செய்கிற கம்பெனி ஒன்று, காப்புரிமை கையில் இருந்தால் எடுத்துக்கொள்கிறோம் என்றது. தம்பி ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டு ஒரு ஷெட்டை வாடகைக்கு எடுத்து அதிலேயே கிடந்தான். அக்கா அவனுக்குப் போட்ட முதல் உத்தரவு, மூச்சு விடக்கூடாது என்பது.

“யார்கிட்டயும் சொல்லாதே. உன் பொண்டாட்டிகிட்டகூடச் சொல்லாதே.”

“அவகிட்டயுமாக்கா?”

“அவ அவங்க அம்மாகிட்ட சொல்லுவா. அம்மா பக்கத்து வீட்ல சொல்லுவாங்க. விண்ணப்பம் போட்டப்புறம் மைக் வெச்சுச் சொல்லு. அதுவரைக்கும் வாயைத் தெச்சுக்கோ.”

அவன் தைத்துக்கொண்டான். ஷெட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் வைத்துக்கொண்டான். வேலையை ஏன் விட்டாய் என்று மனைவி கேட்டால் பதில் இல்லை. கைபேசியை ஏன் கவிழ்த்து வைக்கிறாய் என்றால் பதில் இல்லை. அவள் தையல் கடையில் வேலை பார்க்கிற பெண், கெட்டிக்காரி. அப்படி ஒரு பெண்ணுக்கு என்ன தோன்றுமோ அதுதான் தோன்றியது. ஒருநாள் கல்லூரிக்கே வந்துவிட்டாள். நானும் இருந்தேன்.

“அண்ணி, அவருக்கு வேற யாராவது இருக்காங்களா? என்கிட்ட மறைக்கறதை உங்ககிட்டயாவது சொன்னாரா?”

“சீ, அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா. என் தம்பியை நம்பு.”

“நம்பு நம்புன்னா எதை நம்பறது? அதைச் சொல்ல மாட்டேங்கறீங்களே.”

புதுசு மேடம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள். அடுத்த வாரம் பெட்டியைக் கட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். “ஏதாவது கொஞ்சம் சொல்லித் தொலைச்சா என்ன?” என்று நான் சண்டை பிடித்தேன். “கொஞ்சம்னு ஒண்ணு கிடையாது. விண்ணப்பம் போடற வரைக்கும் பொறுக்கட்டும்” என்றாள்.

அந்த விண்ணப்பம்தான் போனபாடில்லை. காப்புரிமை வக்கீல் எழுதித் தயாராக வைத்திருந்தார். போட்டுவிடலாம் என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். இவள்தான் விடவில்லை. ‘படி’ என்ற சொல் போதாது, ‘படி போன்ற வளைவு’ என்று எழுதினால் இன்னொருவன் வேறு வளைவு போட்டுத் தப்பித்துவிடுவான், ‘திசை மாற்றம்’ என்று எழுதலாமா என்று சொல் சொல்லாக மாற்றிக்கொண்டிருந்தாள். தம்பியின் வேலையில் ஓட்டை விழக்கூடாது என்ற கவலை. படித்தவளின் கவலை.

அப்புறம் அந்தச் சாயங்காலம் வந்தது.

வகுப்பில் அன்றைக்கு ‘புதுமை’ என்ற பாடம். கருவிகளில் எது பழசு, எது புதுசு என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பழசுக்கு உதாரணமாக, பாட்டில் காலியானால் தானாக மூடிக்கொள்ளும் கொக்கியைச் சொன்னாள். அது ஏற்கெனவே உலகத்துக்குத் தெரிந்ததுதான், அதைச் சொன்னதில் ஆபத்தில்லை. கடைசி வரிசையில் ஒரு ஆம்புலன்ஸ் டிரைவர் உட்காருவார். நடுவயது ஆள். சேர்ந்த நாளிலிருந்து அவர் வகுப்பில் விழித்திருந்ததாக எங்களில் யாருக்கும் ஞாபகம் இல்லை. என் வகுப்பில் குறட்டைகூட விட்டிருக்கிறார். அவர் அன்றைக்கு எழுந்து நின்றார்.

“மேடம், வண்டி குலுங்கினா அது மூடிக்குமே? எங்க வண்டியில அது ஒரு நிமிஷம் தாங்காது.”

இத்தனை நாள் தூங்கிய மனிதன் எழுந்து கேட்ட முதல் கேள்வி. சரியான கேள்வி. ஆசிரியர் வேலை பார்த்தவர்களுக்குத்தான் அந்தச் சந்தோஷம் தெரியும். வேறு எதுவும் நினைவில் இருக்காது. அந்த ஆளுக்கு எப்படியாவது புரியவைத்துவிட வேண்டும் என்று மட்டும் இருக்கும். அவளுக்கும் அப்படித்தான் ஆனது. “அருமையான கேள்வி!” என்று சொல்லிக்கொண்டே சாக்பீஸை எடுத்தாள். “இதைச் சரிபண்ண ஒருத்தர் ஒரு வழி கண்டுபிடிச்சிருக்கார்னு வெச்சுக்குவோம்” என்று ஆரம்பித்தாள். வெட்டை வரைந்தாள். நடுவில் படியை வரைந்தாள். மெதுவாக ஏறினால் இப்படி, துள்ளினால் அப்படி என்று அம்புக்குறி போட்டாள். வகுப்பைப் பார்த்துத் திரும்பி, கையில் சாக்பீஸோடு, தன் வழக்கமான கேள்வியைக் கேட்டாள்.

“இதுல என்ன புதுசு?”

கேட்ட பிறகுதான் தன் குரல் தன் காதில் விழுந்தது என்றாள். பலகையைத் திரும்பிப் பார்த்தாளாம். அடுத்த நொடி டஸ்டரைக்கூடத் தேடாமல் உள்ளங்கையால் அழித்தாள். வகுப்பு ஒன்றும் புரியாமல் திருதிருவென்று விழித்தது. கடைசி வரிசையில் டிரைவர் வாயைக் கொஞ்சம் திறந்தபடி பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். புரிந்துகொண்ட வாயா, கொட்டாவி விட்ட வாயா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஆசிரியர் அறைக்குள் வந்தபோது பேயறைந்த முகமாக இருந்தாள். உள்ளங்கை முழுக்க வெள்ளை. கதவைத் தாழிட்டாள்.

“நான் ஒண்ணு சொல்லணும். யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணு.”

பண்ணினேன். சொன்னாள். “ஏண்டி, வகுப்பு முழுக்கக் கேட்டாச்சு, சத்தியம் மட்டும் என்கிட்டயா?” என்று கேட்டேன். சிரிப்பாள் என்றுதான் கேட்டேன். அவள் தண்ணீர் டம்ளரை எடுத்தாள். குடிக்காமலே மேசையில் டொக்கென்று வைத்துவிட்டாள். தண்ணீர் கொட்டியதை இரண்டு பேரும் துடைக்கவில்லை.

நான் எனக்குத் தெரிந்த அளவில் தைரியம் சொன்னேன். நாளைக்கே விண்ணப்பத்தைப் போட்டுவிடு, யாருக்குத் தெரியப்போகிறது?

“போடலாம். உரிமைகூடக் கிடைச்சிடும். கம்பெனிக்காரங்க செய்ய ஆரம்பிப்பாங்க, என் தம்பி எல்லாத்தையும் அதுல போட்டுக் கழுத்துவரைக்கும் இறங்கியிருப்பான். அப்போ போட்டிக் கம்பெனிக்காரன் ஒருத்தன் என் மாணவர் ஒருத்தரைத் தேடிப் பிடிச்சுக் கூட்டிட்டு வருவான். ‘ஆமா சார், மேடம் முன்னாடியே நடத்தினாங்க’ன்னு அவர் ஒரு வார்த்தை சொன்னாப் போதும். நான் எழுதினேனே, அந்த ஆய்வுல இதே மாதிரி வழக்கு இருக்கு. நானே உனக்குப் படிச்சுக் காட்டியிருக்கேன்.”

“அப்போ தம்பிகிட்ட சொல்லிடு.”

“சொல்றேன்.”

சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. வக்கீலிடம் இன்னும் ஒரு வரி மாற்ற வேண்டும் என்று சாக்குச் சொல்லி நிறுத்திவைத்தாள். தம்பி போன் பண்ணினால் எடுப்பதற்கு முன் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். எடுத்ததும், “வகுப்புல இருக்கேன்பா” என்பாள். எதிரே நான் உட்கார்ந்திருப்பேன். பொய் சொல்லத் தெரியாதவள் பொய் சொல்வதைப் பக்கத்தில் இருந்து பார்ப்பது சங்கடமான விஷயம். எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. கோபத்துக்குக் கீழே எனக்கும் பயமாக இருந்தது.

பயத்துக்கு ஒரு குணம் உண்டு, பக்கத்தில் இருப்பவரையும் பிடித்துக்கொள்ளும். எங்கள் கல்லூரி இருக்கிற சாலை ஆஸ்பத்திரிக்குப் போகிற சாலை. சைரன் சத்தம் எங்களுக்குப் பழகிப்போனது, யாரும் காதில் வாங்குவதில்லை. இப்போது ஒவ்வொரு ஆம்புலன்ஸும் கத்திக்கொண்டு போகும்போது பக்கத்து வகுப்பில் அவள் குரல் நின்றுவிடும். சத்தம் தேய்ந்து மறைந்த பிறகுதான் மறுபடி கேட்கும். சுவருக்கு இந்தப்புறம் நானும் கொலைக்கும் கொலையாகாத மரணம் விளைவித்தலுக்கும் வித்தியாசம் சொல்வதை நிறுத்திவிட்டு அவள் குரல் எப்போது திரும்ப வரும் என்று காத்துக்கொண்டு நிற்பேன். மாணவர்கள் எங்கள் இருவரையும் ஒருமாதிரி பார்த்தார்கள்.

அவளுக்கு ஒரு நூலிழை நம்பிக்கை இருந்தது. சும்மா காதில் விழுந்தால் போதாதாம். கேட்டவர் அதை வைத்து அந்தப் பொருளைச் செய்ய முடிகிற அளவுக்கு விஷயம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டுமாம். “யாருக்கும் புரியலைன்னா வாதாட இடம் இருக்கு. மெல்லிய இடம்தான். ஆனா இருக்கு” என்றாள். இதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. கடைசி வரிசைக்கும் புரிய வேண்டும் என்று குடையையும் பூட்டையும் சுமந்தவள், தன் வகுப்பு யாருக்கும் புரிந்திருக்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்தாள்.

விசாரிக்கப் புறப்பட்டாள். எதையும் வெளிப்படையாகக் கேட்கவும் முடியாது. கேட்டால் மறந்தவனுக்கும் ஞாபகம் வந்துவிடும். வராந்தாவில் ஒரு குமாஸ்தாவை நிறுத்தி, “போன வகுப்பு எப்படி இருந்துச்சு?” என்றாள்.

“நல்லா இருந்துச்சு மேடம். பரீட்சைக்கு வருமா?”

“வராது.”

“அப்போ நான் எழுதலை மேடம்.”

அவள் வயிற்றில் பால் வார்த்தது அந்தப் பதில். வகுப்பிலேயே முதல் மதிப்பெண் வாங்குகிற நர்ஸைக் கேட்டாள். “ஏதோ குளுக்கோஸ் பாட்டில் பத்திச் சொன்னீங்க. நாள் முழுக்க அதோடதானே இருக்கேன், இங்கயும் அதானான்னு நான் செல்போன் பார்த்துக்கிட்டு இருந்தேன் மேடம், தப்பா எடுத்துக்காதீங்க” என்றது அந்தப் பெண். வேறு எந்த நாளாக இருந்தாலும் அந்தப் பெண் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கும். அன்றைக்கு அதன் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு வந்தாள். “என் வகுப்பை ஒருத்தரும் கவனிக்கறதில்ல!” என்று என்னிடம் சொன்னாள். அவ்வளவு ஆறுதலாக அந்த வார்த்தையைச் சொன்ன ஆசிரியரை நான் பார்த்ததில்லை.

“டிரைவர்?” என்று கேட்டேன்.

அவள் முகம் மறுபடி வெளிறியது. டிரைவர் அந்த நாளுக்குப் பிறகு வகுப்புக்கே வரவில்லை. ஏன் வரவில்லை என்று யாருக்கும் தெரியவில்லை. தூங்குவதற்காவது தவறாமல் வருகிற ஆள். அவள் கடைசி வரிசைக் காலி இடத்தைப் பார்த்துக்கொண்டே பாடம் நடத்தினாள். போட்டிக் கம்பெனிக்காரன் அவரைப் பிடித்துவிட்டான் என்று ஒருநாள் சொன்னாள். “உனக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கு” என்றேன். கொஞ்சம் பிடித்துத்தான் இருந்தது. சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்கு எடுத்துப்போவாள்.

கடைசியில் வக்கீல் பொறுமை இழந்து, நாளைக்குக் கையெழுத்து, இல்லாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். மறுநாள் மாலை தம்பி வந்தான். அக்காவை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு வக்கீல் ஆபீஸுக்குப் போவதாக ஏற்பாடு. சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டை போட்டிருந்தான். கையில் ஹெல்மெட். எனக்கு ஒரு வணக்கம் வைத்தான்.

“இன்னிக்குக் கையெழுத்துப் போட்டா, இன்னிக்கே அவளுக்கு போன் பண்ணிடலாம்லக்கா? அவ என் போனை எடுக்கறதில்ல. அவங்க அம்மா போனுக்குப் பண்ணலாம்னு இருக்கேன்.”

“உக்காருப்பா. ஒரு டீ குடி.”

“டீ எதுக்கு, நேரமாச்சு.”

“உக்காரு. ஒரு விஷயம் பேசணும்.”

அவன் உட்கார்ந்தான். அவள் எழுந்து நின்றாள், உட்கார்ந்தாள், புத்தகத்தை அடுக்கினாள். நான் எழுந்து வெளியே போகலாமா என்று யோசித்தேன். போகாதே என்பதுபோல் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். சொல்லிவிடுவாள் என்றுதான் நினைத்தேன், சத்தியமாக நினைத்தேன். அப்போது கதவைத் தட்டிவிட்டு யூனிஃபாரத்தோடு டிரைவர் உள்ளே வந்தார்.

“மேடம், ஒரே டியூட்டி மேடம். வேற ஷிஃப்டுல போட்டுட்டாங்க, அதான் வகுப்புக்கு வர முடியல.” முகமெல்லாம் சிரிப்பு. தோளில் ஒரு பை. “உங்ககிட்ட ஒண்ணு காட்டணும்னு ஓடி வந்தேன்.”

“அப்புறம் பார்க்கலாம்” என்றாள் அவள். “இப்போ வேண்டாம். அப்புறம்.”

“ஒரு நிமிஷம்தான் மேடம்.” பையில் கையை விட்டு எடுத்து அவள் மேசைமேல் வைத்தார். தகட்டை வெட்டி வளைத்த ஒரு சின்னக் கூடு. பழைய தராசிலிருந்து எடுத்த ஸ்பிரிங். ஒரு கொக்கி. கொக்கி ஏறி இறங்க ஒரு வெட்டு. வெட்டின் நடுவில் ஒரு படி.

“நீங்க சும்மா உதாரணத்துக்குத்தான் சொன்னீங்க. நான் எங்க ஆம்புலன்ஸ் ஷெட்டு வெல்டர்கிட்ட சொல்லிச் செஞ்சே பார்த்துட்டேன். என்னமா வேலை செய்யுது தெரியுமா? எவ்வளவு குலுங்கினாலும் மூடிக்கல மேடம், காலியானா மட்டும் டக்குனு மூடுது. மத்த வண்டிக்காரங்களும் கேட்டாங்க, அவங்களுக்கும் செஞ்சு குடுத்தாச்சு.” மூச்சு வாங்கினார். “எனக்கு இந்தக் காலேஜ்ல ஒண்ணுமே புரியறதில்ல மேடம். தூங்கறதுக்கா போறேன்னு என் பொண்ணு திட்டுவா. இது மட்டும் அப்படியே புரிஞ்சுது. படம் கண்ணுலயே நிக்குது.”

அவர் பேசியது எதுவும் தம்பியின் காதில் ஏறவில்லை, பார்வை அந்தப் படிமேலேயே இருந்தது. எழுந்துவிட்டான். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

“இது எங்கேயிருந்து வந்துச்சு?”

“சார்?”

“என் ஷெட்டுக்குள்ள எப்படிப் பூந்த? பூட்டை உடைச்சியா?” டிரைவரின் சட்டைக் காலரைப் பிடித்துவிட்டான். “திருட்டுப் பயலே, யார் அனுப்புனா உன்னை?”

“சார், என்ன சார்... நான் எந்த ஷெட்டுக்கும் போகல சார். மேடம், என்ன மேடம் இது?”

செய்யாத குற்றத்துக்காக நீதிமன்றத்தில் நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த முழி எனக்குத் தெரியும். அந்த மனிதர் அப்படித்தான் முழித்தார். அவர் இன்னொரு வார்த்தை சொன்னால் எல்லாம் வெளியே வந்துவிடும். சொல்லாவிட்டால் கொஞ்ச நேரத்துக்கு அவர்தான் திருடன். நான் அவளைப் பார்த்தேன். அவள் இதையெல்லாம் என்னைவிட வேகமாக யோசித்து முடித்திருப்பாள். என் மணிக்கட்டை விட்டாள்.

“அவரை விடு” என்றாள். “அவர் திருடல.”

“பின்ன இது எப்படிக்கா?”

“நான் நடத்தினேன்.”

“என்ன நடத்தின?”

“வகுப்புல. பலகையில வரைஞ்சு.”

தம்பியின் கை தளர்ந்தது. டிரைவர் காலரைச் சரிசெய்துகொண்டு சுவரோரம் ஒதுங்கினார். தம்பி அக்காவையே பார்த்தான். சின்னக் குழந்தை அடி வாங்கினால், அழுவதற்கு முன் ஒரு கணம் அடித்தவரை நம்பாமல் பார்க்குமே, அப்படி.

“படியையுமா?”

“படியையும்தான்.”

அவள் மன்னிப்புக் கேட்கவில்லை, காரணம் சொல்லவில்லை. அழுதால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். கையைக் கட்டிக்கொண்டு, தீர்ப்புக் கேட்க நிற்கிறவளாக நின்றாள். அவன் கத்துவான் என்று எதிர்பார்த்தேன். மேசையைப் புரட்டுவான் என்றுகூட நினைத்து டம்ளரை நகர்த்தி வைத்தேன்.

அவன் அந்தத் தகட்டுக் கூட்டைக் கையில் எடுத்தான். கொக்கியை மெல்லத் தூக்கிப் பார்த்தான். கட்டை விரலால் படியைத் தடவினான். ரொம்ப நேரம் தடவினான்.

“இந்த முனை கூரா இருக்கு” என்றான் டிரைவரிடம். “சீக்கிரம் தேஞ்சு போயிடும். அரத்தால லேசா உருட்டி விடுங்க. எல்லாத்துலயும்.”

“சரிங்க சார்” என்றார் டிரைவர். என்ன நடந்தது என்று அவருக்கு அப்போதும் புரியவில்லை.

தம்பி விழுந்த நாற்காலியைத் தூக்கி நிறுத்தினான். ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டான். வக்கீலுக்குச் சொல்ல வேண்டுமே, நான் பேசட்டுமா என்று ஏதோ உளறினேன். வேண்டாம் என்று தலையாட்டினான்.

“எங்கடா போற?” என்றாள் அக்கா. அப்போதுதான் அவள் குரலில் முழுப் பயமும் கேட்டது.

“அவங்க அம்மா வீட்டுக்கு.”

கதவுவரை போனவன் திரும்பினான். குத்திக்காட்டுகிறானா என்று நான் அவன் முகத்தைப் பார்த்தேன். இல்லை. இந்த விஷயத்தில் எல்லாவற்றுக்கும் அக்காவைக் கேட்டுக் கேட்டே நடந்த பழக்கம். உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான்.

“இனிமே அவகிட்ட சொல்லலாம்லக்கா?”

“சொல்லலாம்பா” என்றாள். “இனிமே யார்கிட்ட வேணும்னாலும் சொல்லலாம்.”